மேண்டலின் பட்டையும் மூன்று மில்லிமீட்டரும்

நடுப் பெடலை மிதித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பூட்டினால் என் பழைய அப்ரைட் பியானோ (கம்பிகள் நெட்டாக நிற்கும் வகை) இப்போது அந்தக் காலத்து மதுக்கடைப் பியானோ மாதிரி கணகணக்கிறது. பெடலை விடுவித்தால் பழையபடி சாதாரணப் பியானோ. இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். கணகண ஓசையை வரவழைக்கப் பல வழிகள் உண்டு. வேண்டாதபோது அதை நிறுத்த முடிகிற வழி அதிகம் இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில். அலுவலக வேலைக்காக வந்த ஊர். துள்ளும் தாளம் கொண்ட பழைய அமெரிக்கப் பியானோ இசையான ராக்டைம் வளர்ந்த மாநிலம் இது என்பதே வந்த பிறகுதான் தெரியும். ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் குடியிருந்த வீடு டெல்மார் சாலையில் நினைவிடமாக நிற்கிறது. அவருடைய மேப்பிள் லீஃப் ராக் என்ற இசைத்துண்டை 1899இல் ஜான் ஸ்டார்க் பதிப்பித்த செடாலியா, காரில் மூன்று மணிநேரம். ஆசிரியர் யாரிடமும் போகவில்லை. அச்சுப் பிரதியைப் பார்த்தும், பழைய பியானோ ரோல்களின் (தானே வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்கள்) ஒலிப்பதிவைக் கேட்டும் கையைப் பழக்கினேன். வாசித்ததை வீடியோவாகப் போட ஆரம்பித்ததும் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. நல்ல மனிதர்கள், ஆனால் விடாப்பிடிக்காரர்கள். வாசிப்பைப் பாராட்டிவிட்டு அடுத்த வரியிலேயே, "அந்த சலூன் சத்தம் வருமா?" என்று கேட்பார்கள். ஊரில் இருக்கிற சித்தப்பா மட்டும், "இது சாப்ளின் படத்துப் பாட்டா?" என்றார்.

சலூன் சத்தம், அதாவது மதுக்கடைப் பியானோவின் சத்தம், என்றதும் எல்லோரும் சொல்கிற யோசனை, கம்பியை அடிக்கும் ஹேமர்களின் (ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளி போர்த்திய சுத்தியல்கள்) முகத்தில் குண்டூசி மாதிரியான தலைப்பெரிய ஆணிகளைக் குத்துவது. செலவு ஐந்து டாலர்கூட ஆகாது. ஆனால் ஃபெல்ட் ஓட்டையாகும், ஆணி கழன்று விரல் வைக்கிற கட்டைகளுக்கு அடியில் விழும், பிறகு அந்தப் பியானோவுக்கு அது ஒரே குரல்தான். பியானோ பழுது பார்ப்பவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும். நூறாண்டுக்கு முன் காசு போட்டால் தானே வாசிக்கும் பியானோக்களில் வேறொரு ஏற்பாடு இருந்தது. ஹேமருக்கும் கம்பிக்கும் இடையே துணியிலோ தோலிலோ ஒரு பட்டை நாக்கு நாக்காகத் தொங்கும். ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஒரு உலோகத் துண்டு. ஹேமர் நாக்கை அடிக்கும், உலோகம் கம்பியை அடிக்கும். இதற்கு மேண்டலின் என்று பெயர். பட்டையை மேலே தூக்கிவிட்டால் ஹேமர் நேராகக் கம்பியை அடிக்கும். இதைத்தான் செய்வது என்று முடிவானது.

அதற்கு முன் பியானோவே ஒழுங்காக வாசிக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த பியானோ. வீட்டுக்குக் கொண்டுவரக் கூலி 275 டாலர். "இலவசப் பியானோ" என்று யாராவது சொன்னால் முதலில் இந்தத் தொகையைக் கேளுங்கள். பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்துக் காட்டினேன், 140 டாலர். ஒரு மணிநேரம் குடைந்துவிட்டு, ட்யூனிங் முளைகளைத் தாங்கும் பலகையில் விரிசல் இல்லை, முளைகள் இறுக்கமாக இருக்கின்றன, ஆனால் ஸ்வரம் 60 சென்ட் இறங்கியிருக்கிறது என்றார். சென்ட் என்றால் அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு. இன்றைய பொது அளவான 440க்கு (நடு ஏ ஸ்வரம் வினாடிக்கு 440 அதிர்வு) ஏற்ற வேண்டாம், கம்பிகள் அறுந்துகொண்டே இருக்கும் என்பது அவர் அறிவுரை. நான் தனியாகத்தான் வாசிக்கிறேன், வயலின்காரர் யாரும் கூட உட்காரப் போவதில்லை. அதனால் நடு ஏ-வை 430இல் நிறுத்தி மற்றதை அதற்கு ஏற்றபடி சேர்த்தேன். அது 440இலிருந்து சுமார் 40 சென்ட் கீழே.

ட்யூனிங் லிவர், ரப்பர் ஆப்புகள், ஃபெல்ட் பட்டை எல்லாம் சேர்த்து 78 டாலர். லிவரில் மலிவானதை வாங்காதீர்கள். தலை கொஞ்சம் ஆடினாலும் முளை திரும்புகிறதா லிவர் வளைகிறதா என்று கைக்குத் தெரியாது. கம்பியை வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஏற்றி, பிறகு மெதுவாக இறக்கி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மறுநாளே இறங்கியிருக்கும். அவ்வளவு கவனித்தும் மேல் பகுதியில் ஒரு கம்பி டப்பென்று அறுந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.84 மி.மீ.; 14ஆம் எண் கம்பி. ஒரு சுருள் 9 டாலர். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம் இடக்கைத் தொந்தரவு. ராக்டைமில் இடக்கை வேலை எப்போதும் ஒன்றுதான்: கீழே ஒரு ஆக்டேவ் (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில்), நடுவில் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), மறுபடி கீழே. தாளம் போடுகிற கை மாதிரி அது அசையாமல் நடக்க வேண்டும்; அதன் மேல்தான் வலக்கை எடுப்பைத் தள்ளித் தள்ளி வைக்கும். என் பியானோவில் கார்ட் விழுகிற இடத்தில் சில ஸ்வரங்கள் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை. நான் கையைக் குறை சொல்லிக்கொண்டு மெட்ரோனோமோடு மல்லுக்கட்டினேன். கட்டையை விரலால் மிக மெதுவாக அழுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும் வரை ஹேமர் அசையவே இல்லை. நடுவில் வீண் இடைவெளி. கட்டையின் பின்முனையில் இருக்கிற கேப்ஸ்டன் திருகை உயர்த்தினால் அது போய்விடும். கட்டையைத் தொட்டதுமே ஹேமர் அசைய வேண்டும், ஆனால் ஹேமர் தன் ஓய்வுப் பட்டையிலிருந்து மேலே தூக்கி நிற்கக் கூடாது. 88 திருகுகளையும் இப்படிச் சரிசெய்ய ஒரு மாலை பிடித்தது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. வாசிப்பில் தெரிந்த முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாலைக்குத்தான் சேரும்.

பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று கம்பிகள் என்பதால் ஹேமர் முகங்களில் கம்பி பதிந்து மூன்று மூன்று கோடுகளாக ஆழமாகியிருந்தது. அகலமான ஐஸ் குச்சியில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, தோளிலிருந்து நுனி நோக்கித் தேய்த்து, பிறகு 220இல் முடித்தேன். நுனியில் மட்டும் தேய்த்தால் முகம் தட்டையாகிவிடும். முட்டை வடிவம் போகாமல் இருக்க வேண்டும். கோட்டை முழுதாக அழிக்கவும் பார்க்காதீர்கள். பழைய ஹேமரில் அவ்வளவு ஃபெல்ட் மிச்சம் இருக்காது.

இனி பட்டை. நடுப் பெடலில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்வதற்காக ஒரு மரச்சட்டம் இறங்கி, அதிலிருந்து தொங்கும் மெல்லிய ஃபெல்ட் ஹேமருக்கு முன்னால் வரும். அந்த ஃபெல்டைப் பூச்சி அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. சட்டத்தைத் தாங்கும் இரண்டு திருகுகளைக் கழற்றினால் முழுதாகக் கையில் வந்துவிடும். ஃபெல்டைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் நாக்குகளைக் கட்டுவது திட்டம்.

நாக்கு எங்கே விழ வேண்டும் என்று அளக்க ஸ்கேல் உதவாது. ஹேமர்கள் சம இடைவெளியில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் இரும்புச் சட்டத்தின் குறுக்கு விட்டங்கள் வரும் இடத்தில் இடைவெளி மாறும். நான் செய்தது இது: கம்பிகளின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை ஒட்டி, அதன்மேல் கார்பன் தாளை வைத்து, ஒவ்வொரு கட்டையையும் ஒரு முறை அழுத்தமாகத் தட்டினேன். கழற்றிப் பார்த்தால் காகிதத்தில் ஹேமர்கள் விழுந்த இடமெல்லாம் வரிசையாகக் கறுப்புத் தடம். கிட்டத்தட்ட 14 மி.மீ.க்கு ஒன்று, விட்டம் வருகிற இடத்தில் மட்டும் எட்டி நின்றது. அந்தக் காகிதத்தையே வெட்டும் அச்சாக வைத்துக்கொண்டேன். நாக்கு 11 மி.மீ. அகலம், நடுவில் 3 மி.மீ. சந்து. சந்து குறைந்தால் பக்கத்து நாக்கோடு உரசிச் சிக்கிக்கொள்ளும்.

எல்லாக் கட்டைக்கும் நாக்கு வைக்கவில்லை. கீழே உள்ள 28 ஸ்வரங்களுக்குக் கம்பியின் மேல் செம்பு சுற்றியிருக்கிறது. அதில் உலோகம் அடித்தால் செம்பு கீறும். மேல் ஒன்றரை ஆக்டேவில் கம்பி மிகக் குட்டை, நடுவில் எதைத் தொங்கவிட்டாலும் ஓசை செத்துவிடும். ஆக நடுவில் 42 நாக்குகள். இது காதுக்கும் நல்லதாகப் போயிற்று. இடக்கையின் கீழ் ஆக்டேவ் கனமாகவும் சுத்தமாகவும் இருக்கிறது, கார்டும் மெட்டும் மட்டும் கணகணக்கின்றன. முழுதும் கணகணத்தால் ஐந்து நிமிடத்தில் தலைவலி வரும்.

முதல் பட்டையைத் தோலில் செய்தேன். 2 மி.மீ. தடிப்புள்ள தோல், நுனியில் பித்தளை ரிவெட். பார்க்க அருங்காட்சியகப் பொருள் மாதிரி இருந்தது. மாட்டி வாசித்தால் பொத் பொத் என்று மரத்தைத் தட்டுகிற சத்தம். ஓங்கி அடித்தால் கட்டை பாதியில் இடித்து நின்றது. காரணம் லெட்-ஆஃப். பியானோவில் கட்டை ஹேமரைக் கம்பி வரை தள்ளிக்கொண்டு போவதில்லை. கம்பிக்குச் சுமார் 3 மி.மீ. முன்னால் கைவிட்டுவிடுகிறது, மிச்சத் தூரத்தை ஹேமர் வீச்சிலேயே கடந்து, அடித்து, திரும்பிவிடும். என் தோலும் ரிவெட்டும் சேர்ந்து 4 மி.மீ. ஆக, கைவிடுவதற்கு முன்பே ஹேமர் நாக்கைக் கம்பியோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கம்பி எங்கே அதிர்வது?

லெட்-ஆஃப் திருகுகளைத் திருப்பி 5 மி.மீ. ஆக்கிப் பார்த்தேன். பட்டை வேலை செய்தது. பட்டையைத் தூக்கினால் மென்மையாக வாசிக்கும் இடங்களில் ஹேமர் கம்பியைத் தொடாமலேயே திரும்பிற்று. சலூனுக்காகப் பியானோவைக் கெடுப்பதா? எல்லாத் திருகையும் பழையபடி 3க்கே கொண்டுவந்து, தோலைக் கழற்றி வைத்தேன். தோலும் ரிவெட்டும் 22 டாலர். ஒரு பெல்ட்டுக்கு ஆகும்.

இரண்டாவது பட்டைக்கு வினைல் பூசிய நெசவுத்துணி, 0.6 மி.மீ. உலோகத்துக்கு 0.2 மி.மீ. பித்தளைத் தகடு, தகரக் கத்தரியிலேயே வெட்டுப்படும். முதலில் 8 மி.மீ. அகலத் துண்டுகள் வெட்டி சூப்பர் குளூவில் ஒட்டினேன். இரண்டு குறை. தட்டைத் தகடு மூன்று கம்பிகளிலும் அப்பியதுபோல் விழுந்து ஓசையை அமுக்கிற்று. பசையோ காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்து, நாலைந்து தகடுகள் கட்டைகளுக்குள் விழுந்தன. அவற்றைத் தேடி எடுக்கக் கட்டைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. போனஸாக 1964ஆம் ஆண்டு நாணயம் ஒன்று கிடைத்தது.

சரியாக வந்த முறை: தகட்டை 5 மி.மீ. அகலமாக வெட்டி, நான்கு மூலையையும் அரத்தால் மழுக்கி, பென்சிலின் மேல் வைத்து விரலால் அழுத்தினால் லேசாக முதுகு வளையும். வளைந்த முதுகு கம்பிப் பக்கம். அடி விளிம்பில் 2 மி.மீ. மட்டும் துணியின் பின்பக்கமாக மடித்து இடுக்கியால் நசுக்க வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்துகிற ரப்பர் பசை போதும். அது வளைந்து கொடுக்கும். அந்த மடிப்பு ஹேமர் அடிக்கும் கோட்டுக்கு 4 மி.மீ.யாவது கீழே இருக்கட்டும். இல்லையென்றால் ஃபெல்ட் உலோகத்தை அடிக்கும். ஆணி குத்தாமல் விட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். அடிபடும் இடத்தில் மொத்தத் தடிப்பு 0.9 மி.மீ. மூன்றுக்குள் தாராளமாக அடங்கிற்று.

கடைசியாக ஒரு சிக்கல். ஓங்கி வாசித்தால் சில நாக்குகள் அடித்த பிறகும் கம்பியோடு ஒட்டி நின்று ஜ்ர்ர் என்று இரைந்தன. நாக்கு சும்மா தொங்கும்போது கம்பியிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். சட்டம் மாட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷரைச் செருகியதும் இரைச்சல் போயிற்று. துணி, தகடு, பசை மூன்றும் 28 டாலர்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. கைப்பேசியை மூடியின் மேல் வைத்து எடுத்தால் அது தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும். இடக்கை ஆக்டேவ் விழும்போதெல்லாம் வலக்கை பம்மும். ராக்டைமுக்கு அது ஆகவே ஆகாது. பழையதாக இரண்டு சிறு கண்டென்சர் மைக்குகள் 160 டாலருக்கும், அவற்றை இணைக்கும் பெட்டி 85க்கும் வாங்கினேன். பின்னால் ஒலிப்பலகைக்கு அருகே வைத்தால் நல்ல கனம் வருகிறது, பித்தளையின் கணகணப்பு காணாமல் போகிறது. முன் பலகையைக் கழற்றி, என் தலைக்குச் சற்று மேலே, இரண்டு தோள்களுக்கு நேராக ஒவ்வொன்று வைத்தபோது இரண்டும் கிடைத்தன. உச்ச அளவு கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைக்கிறேன். ஹீட்டர் விசிறியை அணைக்க மறக்காதீர்கள். அணைத்ததை மறந்தால் வீட்டில் வேறு சத்தம் கேட்கும். பெடல் கிறீச்சிட்டதற்குத் தோல் உரசும் இடத்தில் முகப்பவுடர் தூவினேன்.

கேமராவைக் கட்டைகளுக்கு நேர் மேலே கட்டியிருக்கிறேன். முகம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் தாங்களும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். மேப்பிள் லீஃபின் 7, 8ஆம் பார்களில் (தாள ஆவர்த்தனங்களில்) இரண்டு கைகளும் மாறி மாறி மேலே ஏறுகிற இடத்தில் எந்தக் கை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த இசை 1899இல் அச்சானது, உரிமைக்காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. வீடியோ போடுவதில் தடை கிடையாது. ஸ்டார்க்கோடு போட்ட ஒப்பந்தப்படி ஜாப்ளினுக்குப் பிரதிக்கு ஒரு சென்ட் காசு கிடைத்தது. என் மேண்டலின் பட்டைச் செலவை அந்தக் கணக்கில் அவர் ஈட்ட வேண்டுமானால், தோலையும் சேர்த்து, 5,000 பிரதி விற்றிருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டை வந்ததும் என் வேகம் கூடிவிட்டது. கணகண ஓசை கையை ஓட்டுகிறது. ஜாப்ளின் தன் அச்சுப் பிரதிகளிலேயே ராக்டைமை வேகமாக வாசிக்காதீர்கள் என்று போட்டுவைத்தவர். 1908இல் பயிற்சி நூலாகவே ஒன்று எழுதி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்கு உரிய கால அளவு கொடுக்கச் சொன்னவர். பதிவில் கேட்டால் எனக்கே புரிகிறது: மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 104 தட்டு வேகத்தில் வாசித்தபோது வலக்கையின் தள்ளல் தெரியவில்லை, ஒரே குதிரை ஓட்டம். 88க்கு இறக்கியதும் மெட்டு நடந்தது. ஆகவே இப்போது ஜாப்ளினுக்குப் பட்டையைத் தூக்கி வைக்கிறேன். வீட்டு முன்னறைப் பியானோவை நினைத்து எழுதப்பட்ட இசை அது. சலூன் வாசம் பின்னால் வந்தவர்கள் பூசியது என்பது என் கட்சி. கேட்கிறவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசமாகக் கடைசிப் பகுதியை மறுமுறை வாசிக்கும்போது மட்டும் பெடலைப் பூட்டுகிறேன்.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்? தகட்டை 0.2க்குப் பதில் 0.15 எடுப்பேன், மடிப்பது சுலபம். துணியைச் சட்டத்தில் ஒட்டாமல் சிறு திருகுகளால் பிடிக்கச் செய்வேன். இப்போது ஒரு நாக்கு போனாலும் முழுப் பட்டையையும் உரிக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன்பே 12 டாலர் ஈரப்பதமானி வாங்கியிருப்பேன். ஹீட்டர் ஓடுகிற மாதங்களில் அறையில் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குப் போய், சேர்த்த ஸ்வரமெல்லாம் நடுப்பகுதியில் கலைந்தது. ஈரப்பதமூட்டி வைத்து 42இல் நிறுத்திய பிறகுதான் ட்யூனிங் கலையாமல் நிலைத்தது.

அடுத்து இன்னொரு ராக்டைம் இசையமைப்பாளரான ஜேம்ஸ் ஸ்காட்டின் கிரேஸ் அண்ட் பியூட்டி. அவர் வலக்கையை மேலே மேலே கொண்டுபோகிறவர். என் 42 நாக்குகள் முடிகிற இடத்தைத் தாண்டி விரல் போகிறது, அங்கே கணகணப்பு சட்டென்று அறுந்துவிடுகிறது. மேலே இன்னும் ஆறு நாக்கு, இன்னும் மெல்லிய துணியில், கட்டிப் பார்க்க வேண்டும். தகடு மிச்சம் இருக்கிறது.